மின்மூக்கா, மின்மோப்பியா?

சேலம் கடைவீதியில் மல்கோவாவையோ இமாம்பசந்தையோ கையிலெடுப்பவர், விலை கேட்பதற்கு முன்பே காம்படியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். அந்த மோப்பத்தை நமக்காகச் செய்யும் கருவிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘எலக்ட்ரானிக் நோஸ்’. தமிழில் ‘மின்னணு மூக்கு’ என்றும் ‘மின்மூக்கு’ என்றும் எழுதுகிறோம்.

1982இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாடும் ஜார்ஜ் டாடும், பாலூட்டிகள் மணங்களைப் பிரித்தறியும் விதத்தை விளக்க ஒரு ‘மாதிரி மூக்கை’ அமைத்தனர். ‘எலக்ட்ரானிக் நோஸ்’ என்ற பெயர் அதன் பின்னரே நிலைத்தது. அதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரையறையை 1994இல் ஆய்வாளர்கள் கார்ட்னரும் பார்ட்லெட்டும் தந்தனர். அவ்வரையறையின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகளின் (சென்சார்களின்) அணியும், அவை சேர்ந்து தரும் கோலத்தை (பேட்டர்னை) அடையாளம் காணும் முறையும் சேர்ந்ததே இக்கருவி.

‘எலக்ட்ரான்’ என்பது கிரேக்கத்தில் அம்பரை, அதாவது கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசினை, குறித்த சொல். தேய்த்த அம்பர் துரும்பை இழுத்ததால் அப்பெயர் மின்சாரத்திற்கு வந்தது. நம் ‘மின்’ வானத்து மின்னலிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் ‘இலத்திரனியல்’ என்பர். ஆக, பெயரின் முன்பாதியில் சிக்கல் இல்லை.

சிக்கல் ‘மூக்கில்’ இருக்கிறது. கிளிக்கும் மூக்கு உண்டு, கெண்டிக்கும் மூக்கு உண்டு. தமிழில் அச்சொல் வடிவத்தையும் குறிப்பது. இக்கருவிக்கோ மூக்கின் வடிவம் இல்லை, அதன் தொழில் மட்டுமே உண்டு. சூடாக்கப்பட்ட வெள்ளீய ஆக்சைடுப் படலத்தின் மேல் பழத்திலிருந்து எழும் ஆவிச் சேர்மங்கள் படும்போது, அப்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிசனோடு அவை வினைபுரிய, படலத்தின் மின்தடை குறைகிறது. ஆரஞ்சுத் தோலின் மணப்பொருளான லிமோனீனுக்கும் அசையும் அதே உணரி, பழம் புளிக்கும்போது எழும் எத்தனாலுக்கும் அசையும்; ஆகவே ஒற்றை உணரியின் சொல்லை நம்பாமல், பல உணரிகளின் அசைவுகளைச் சேர்த்து ஒரு கோலமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. காய், கனி, அழுகல் எனக் கோலங்களைப் பிரித்தறியக் கருவிக்கு முதலில் கற்றுக்கொடுப்பது, நிலை தெரிந்த பழங்களை வைத்துத்தான். (அந்த நிலையைச் சொல்வதற்குப் பெரும்பாலும் மனித மூக்கே வேண்டியிருக்கிறது!) காற்றின் ஈரமும் வெப்பமும் உணரியைப் பாதிப்பவை என்பதால், ஏற்காட்டு மூடுபனியில் பழக்கிய கருவியைச் சித்திரை வெயிலில் சேலத்திற்கு இறக்கினால் மீண்டும் அளவு திருத்தாமல் பயன்படுத்த இயலாது.

இத்தொழிலுக்குத் தமிழில் வினை ஆயத்தமாக இருக்கிறது: மோ, மோத்தல். ‘மோப்பக் குழையும் அனிச்சம்’ என்கிறது குறள். காவல்துறையின் மோப்ப நாயும் அவ்வினையின் வழி வந்ததே. எனவே ‘மின்மோப்பி’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ‘மணமானி’ எனலாமா என்றால், வெப்பமானியைப் போல ஒற்றை அளவைச் சொல்லும் கருவி இதுவன்று. ‘நறுமண உணரி’யும் குறைபடும்; கெட்டுப்போன பழத்தின் வாடையையும் அறிய வேண்டிய கருவி இது. நன்மணம், தீமணம் இரண்டையும் ஒருகாலத்தில் தாங்கிய ‘நாற்றம்’ என்ற சொல் இன்று சாக்கடைக்கு ஒதுங்கிவிட்டதால், அதை மாம்பழ வியாபாரியிடம் கொண்டுபோக முடியாது.

வாக்கியத்தில் ஆளும் முறை: ‘கூடையிலிருந்த செந்தூராவின் மணக்கோலத்தை மின்மோப்பி பதிவுசெய்தது.’