ஒயரையும் கணக்கில் சேர்ப்போம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டக் கோயில் திருவிழா என்றால், அன்னதானக் கொட்டகைக்குப் பெரும்பாலும் ஒரே எக்ஸ்டென்ஷன் ஒயர்தான் போகும். அதில் தண்ணீர் காய வைக்கும் கெட்டில், பக்கத்தில் ஒரு மின் அடுப்பு. கொஞ்ச நேரம் கழித்து ஒயரைத் தொட்டால் சுடும். ஏன் சுடுகிறது என்பதை இடைநிலைப்பள்ளிப் படிவம் 5 இயற்பியலை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். ஜெர்மானியரான ஓம் 1827இல் வெளியிட்ட விதி இது. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வாட் அளவால் வகுத்தால் தடை. எனவே 2000 வாட் கெட்டிலின் தடை 230 × 230 ÷ 2000, அதாவது 26.45 ஓம். அது 8.7 ஆம்பியர் இழுக்கும். 1000 வாட் அடுப்பின் தடை 52.9 ஓம், இழுப்பது 4.35 ஆம்பியர்.

இரண்டும் இணை மின்சுற்றில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது, மின்னோட்டங்கள் கூடி 13 ஆம்பியரைத் தொடுகின்றன. மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: தடை ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தும் மொத்தத் தடை 17.63 ஓமாகக் குறைகிறதே? மின்னோட்டத்துக்கு இன்னொரு பாதை திறந்துவிட்டோம், அதனால்தான்.

சரி, ஒயருக்கு வருவோம். பாடநூல் கணக்குகளில் அதன் தடையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 மீட்டர் போனால், போக வர 20 மீட்டருக்குத் தடை சுமார் 0.46 ஓம். இது தொடரில் நிற்பதால் மொத்தம் 18.09 ஓம், மின்னோட்டம் 12.7 ஆம்பியர். ஒயரில் மட்டும் வெப்பமாகப் போவது 12.7 × 12.7 × 0.46, ஏறக்குறைய 74 வாட்!

கெட்டில் மட்டும் ஓடினால் இந்த வெப்பம் 34 வாட்தான். மின்னோட்டம் ஒன்றரை மடங்கு ஏறியதற்கே வெப்பம் இரு மடங்கைத் தாண்டிவிட்டது, ஏனென்றால் அது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீட்டிப் போட்ட ஒயரில் இந்தச் சூடு காற்றில் கலைந்துவிடும். சுருட்டி வைத்த ஒயரில் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லை, பிளாஸ்டிக் உறை இளகத் தொடங்கும். பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸும் இதைத் தடுக்காது; அதன் அளவை நாம் தாண்டவே இல்லையே. அதனால் ஒயரை முழுவதும் பிரித்துப் போடுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதே இரண்டு கருவிகளுக்கும் அதில் வீணாவது 38 வாட்தான்.