பிடித்தவர்களையே அடிப்பது ஏன்? வெறுப்பை அளக்கும் இரண்டு கணக்குகள்

யூத வெறுப்பு இன்றைக்கு மற்ற வெறுப்புகளை விட அதிகமா, குறைவா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்காவில் இதற்கு இரண்டு கணக்குகள் இருக்கின்றன. இரண்டும் நேர் எதிராகப் பேசுகின்றன.

முதலாவது, பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்பு. ஒவ்வொரு சமயத்தாரையும் எவ்வளவு பிடிக்கும் என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் கேட்பார்கள். 2017-இல் யூதர்களுக்குச் சராசரி 67, அதுதான் முதலிடம். இந்துக்களுக்கு 58, முஸ்லிம்களுக்கு 48.

இரண்டாவது, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் வெறுப்புக் குற்றப் பதிவு. 2023-இல் யூதர்களுக்கு எதிராக 1,832 சம்பவங்கள், கறுப்பினத்தவருக்கு எதிராகச் சுமார் 3,000. ஆனால் யூதர்கள் மக்கள்தொகையில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல், கறுப்பினத்தவர் 14 சதவீதம் அளவில். தலைக்கு வகுத்தால் யூதர்கள் மீதான குற்றம் மூன்று மடங்குக்கும் மேல். காவல்துறையை நம்பாதவர்கள் புகார் கொடுப்பதில்லை என்பதால் இதுவும் முழுக் கணக்கு அல்ல.

சரி, அதிகம் பிடித்தவர்களே எப்படி அதிகம் தாக்கப்படுகிறார்கள்? தாக்குபவர்கள் சிலர், சராசரியில் அவர்கள் தெரிய மாட்டார்கள். இது பாதி பதில்தான். மீதிப் பாதியை உளவியலாளர் சூசன் ஃபிஸ்கும் சகாக்களும் 2002-இல் அழகாக விளக்கினார்கள். ஒரு கூட்டத்தைப் பற்றிச் சமூகம் இரண்டு கேள்விகள் கேட்கிறது: இவர்கள் நமக்கு நல்லது நினைப்பவர்களா? திறமைசாலிகளா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் இகழ்ச்சி. வீடற்ற ஏழைகள் அங்கே விழுகிறார்கள். நல்லவர்கள், ஆனால் திறமையில்லை என்றால் பரிதாபம், முதியோருக்குக் கிடைப்பது அது. திறமைசாலிகள், ஆனால் நம்மவர்கள் அல்ல என்றால் பொறாமை. யூதர்களும் ஆசியரும் பணக்காரர்களும் இந்தக் கட்டத்தில் வந்தார்கள்.

பொறாமைக்கு விசித்திரமான நடத்தை உண்டு. நிலைமை அமைதியாக இருக்கும்வரை அவர்களோடு வியாபாரம் செய்வார்கள், மதிப்பும் கொடுப்பார்கள். நெருக்கடி வந்ததும் 'எல்லாம் இவர்கள் வேலை' என்று பாய்வார்கள். ஐரோப்பாவில் 1348-49 கொள்ளைநோய்க் காலத்தில் யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்ததாக வதந்தி பரவியது. இன்றைய பிரான்சில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க்கில் 1349 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்தார்கள். நோய் அந்த ஊரை எட்டியிருக்கவே இல்லை! அவர்களிடம் வாங்கிய கடன்கள் மட்டும் ரத்தாயின. நம் காலத்திலும் எஃப்.பி.ஐ. கணக்கில் 2022-இல் யூதர்களுக்கு எதிராகச் சுமார் 1,100 ஆக இருந்த சம்பவங்கள், இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய அக்டோபர் 7 தாக்குதலும் காசா போரும் நடந்த 2023-இல் 1,832 ஆகின.

இகழ்ச்சி வேறு மாதிரி வேலை செய்கிறது. வேலை தராது, வீடு வாடகைக்கு விடாது. பத்து ஐரோப்பிய நாடுகளில் பியூ 2016-இல் கேட்டபோது ரோமா மக்களை ('ஜிப்சிகள்' என்று அழைக்கப்பட்டவர்கள்) பிடிக்காது என்றவர்கள் இடைநிலை அளவில் 48 சதவீதம், முஸ்லிம்களை 43, யூதர்களை 16. மறுக்கப்பட்ட வாடகை வீடு குற்றப் பதிவேட்டில் பெரும்பாலும் ஏறாது. ரோமா மக்கள் படும் இந்த மறுப்புகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்க அந்த அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.