‘கருணை கூர்ந்து’ என்பதை அடித்துவிட்டு

சென்ற ஜூன் மாதம் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார், மகனின் பழைய நோட்டுகளைத் துணிப்பையில் நிரப்பி எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) “டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள்” என்று அவரிடம் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு அவர் தலைமையாசிரியருக்கு எழுதி வைத்திருந்த கடிதம், “என் மகன் படிப்பில் மிகவும் மந்தமாக இருப்பதால் தாங்கள் கருணை கூர்ந்து” என்று தொடங்கியது.

கற்றலில் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியராகப் பணியாற்றும் எனக்கு இந்தக் கடிதம் புதிதன்று. பெற்றோர் கொண்டுவரும் கடிதங்களில் பெரும்பாலானவை மன்னிப்புக் கேட்கும் தொனியில்தான் இருக்கின்றன. தன்மானத்தைக்கூட ஒருபுறம் வைத்துவிடலாம். கருணை கேட்டு வரும் கடிதத்தைப் படிப்பவர் அதன்மேல் எதையும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் உண்மையான சிக்கல். “பார்க்கலாம் அம்மா” என்று சொல்லிக் கோப்பில் வைத்துவிட்டால் போதும். கரும்பலகையில் எழுதிப்போடும் குறிப்புகளின் நகல் வேண்டும் என்று கேட்டாலோ, தருவோம் என்றோ தர இயலாது என்றோ அவர் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், முந்தைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக விரித்தபோது, ஆட்டிசத்தையும், வாசிப்பு, எழுத்து, கணக்கு போன்றவற்றில் தடுமாற வைக்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதையும் அதில் சேர்த்தது. அதன் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளிகளையும் உள்ளடக்குகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். டி.சி. பற்றிய பேச்சு எப்போதும் வாய்மொழியாகவே இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். “இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள் ஐயா” என்று பெற்றோர் அமைதியாகக் கேட்டவுடன் பேச்சு வேறு திசைக்குப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாயாரும் நானும் நோட்டுகளைப் புரட்டினோம். ல, ள, ழ மூன்றும் இடம் மாறிக் கிடந்தன. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பல இடங்களில் விழவே இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று, பக்கத்துக்குப் பக்கம் எழுத்து வாக்கியத்தின் நடுவில் நின்றிருந்தது. அவன் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் பலகையை அழித்துவிடுகிறார்கள். அதே பாடத்தை நான் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டபோது, தடுமாறாமல் பதில் சொன்னான். வகுப்பில் எது கஷ்டமாக இருக்கிறது என்று அவனிடமே கேட்டேன். “திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொல்றாங்க மிஸ், எல்லாரும் சிரிக்கிறாங்க. எந்தப் பாரான்னு முதல் நாளே சொல்லிட்டா நான் வீட்டுல படிச்சிட்டு வந்துருவேன்” என்றான். இத்தனை ஆண்டு அனுபவத்தில் எனக்குத் தோன்றாத யோசனை அது. கடிதத்தில் அதை முதல் கோரிக்கையாக வைத்தோம். பலகைக் குறிப்புகளின் நகல் இரண்டாவது. தேர்வில் கூடுதல் நேரம் மூன்றாவது.

கடிதத்தை இரண்டு படிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் பள்ளி அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியரோடு பேசிவிட்டு வந்தால், “இன்று தாங்கள் கூறியபடி” என்று தொடங்கி, பேசியதை நான்கு வரிகளில் அன்றிரவே எழுதி மறுநாள் கொடுத்துவிடுவது நல்லது. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். ஆனால் சண்டைக்கு ஆள் சேர்ப்பதுபோல் போக வேண்டாம், நாற்பது பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்கும் வகுப்பாசிரியருக்கும் இந்தக் கடிதம் உதவியாகத்தான் இருக்கும். பதிலே வராவிட்டால் வட்டார வள மையம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், இறுதியாக உரிமையியல் நீதிமன்றத்தைப் போல ஆவணங்களையும் சாட்சிகளையும் வரவழைக்கும் அதிகாரமுள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் என்று படிப்படியாகச் செல்லலாம். என்னிடம் வந்தவர்களில் அந்த மூன்றாம் படிவரை சென்றவர்கள் மிகச் சிலரே.

குறைபாட்டை உறுதிசெய்யும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேற்சொன்ன முதல் இரண்டு கோரிக்கைகள் போன்ற வகுப்பறை மாற்றங்களுக்கு அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு மட்டும் அது இல்லாமல் முடியாது. மருத்துவமனை, பள்ளி, கல்வி அலுவலகம், தேர்வுத்துறை என்று விண்ணப்பம் நகர மாதங்கள் ஆகும் என்பதால், பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்தபின் ஓடி வருபவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிவதில்லை. அடையாள அட்டை வாங்கினால் நாளை பெண்ணின் திருமணத்துக்குத் தடையாகுமே என்று தயங்கும் பெற்றோரை நான் குறை சொல்வதும் இல்லை. அந்த அச்சத்துக்கு நம் ஊரில் காரணம் இருக்கிறது. முடிவைத் தள்ளிப்போடுவதால் தேர்வு தள்ளிப்போவதில்லை என்பதை மட்டும் நினைவூட்டுவேன்.

அந்தப் பள்ளி முதல் இரண்டு கோரிக்கைகளையும் வாய்மொழியாக ஏற்றுக்கொண்டது. மூன்றாவதற்குச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள், அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குத் தேதியும் கிடைத்திருக்கிறது. பேசியதைப் பதிவுசெய்து தாயார் தாமே எழுதிய இரண்டாம் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். அதில் கருணையும் இல்லை, மந்தமும் இல்லை. ‘தாழ்மையுடன்’ என்ற சொல் மட்டும் முதல் வரியில் இருந்தது. அதை நான் அடிக்கவில்லை.