பாதியில் நின்ற கைவேலையை மறுபடி எடுக்கும் முன்

மஞ்சள் பையிலிருந்து அந்த அம்மா எடுத்து வைத்தது, கட்டம் எண்ணித் தைக்கும் ஒரு மேட்டி துணி. அதில் கிராஸ் ஸ்டிட்ச்சில் ஒரு மயில். தலையும் கழுத்தும் முடிந்து, தோகையில் நான்கு கண்கள் வரை வந்து நின்றிருந்தது. மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்ததாம். அந்த மகளுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அன்று மாட்டிய மர ஃப்ரேமிலேயே துணி இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. திருகு இருந்த இடத்தில் துருக்கறை. வளையம் அழுத்திய இடம் முழுக்கப் பழுப்பாக ஒரு கோடு. ஊசியும் குத்தியபடியே இருந்தது.

"எல்லாம் என் சோம்பேறித்தனம் டீச்சர்" என்றார்.

குன்னூரில் ஒரு பள்ளியில் பதினோரு வருடம் தையல் ஆசிரியையாக இருந்தேன். அப்புறம் கோவைக்கு வந்து வீட்டிலேயே வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை மதியங்களை இப்படி நின்றுபோன வேலைகளோடு வருகிறவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். பெரும்பாலும் 45 வயதைத் தாண்டிய பெண்கள். வந்ததும் எல்லோரும் சொல்வது இந்த ஒரு வார்த்தையைத்தான். நான் அதை ஒப்புக்கொள்வதே இல்லை. அன்றும் துணியைத் திருப்பி, வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தேன். தோகையின் இரண்டாவது கண்ணில் ஒரு கட்டம் தள்ளிப் போயிருந்தது. அதனால் ஐந்தாவது கண் வரைபடத்தோடு எப்படியும் பொருந்தாது. அந்த அம்மாவுக்குத் தவறு எங்கே என்று தெரியவில்லை. ஏதோ சரியாக வரவில்லை என்று மட்டும் கைக்குத் தெரிந்திருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தது, பரணுக்குப் போய்விட்டது.

வேலை எந்த இடத்தில் நின்றிருக்கிறது என்று பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கும். இவ்வளவு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் இதைத்தான் முதலில் சொல்வேன். ஸ்வெட்டர்கள் அநேகமாகக் கழுத்துக்குக் கண்ணி எடுக்கும் இடத்தில் நிற்கும், இல்லையென்றால் இரண்டாவது கைக்கு முன்னால். முதல் கை பின்னும்போது இருந்த ஆர்வம், அதையே இன்னொரு தடவை பின்ன வேண்டும் என்னும்போது இருப்பதில்லை. குரோஷா மேசை விரிப்புகள் நூல் தீர்ந்த இடத்தில் நிற்கும். ஒட்டுத்துணிப் போர்வைகள் மேல்பக்கம் முழுவதும் தைத்து முடித்த பிறகு நிற்கும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். காரணம் தெரியாமல் மறுபடி ஊசி கோர்த்தால், பத்து நாளில் வேலை அதே இடத்தில் மறுபடி நிற்கும்.

மயிலுக்கு என்ன செய்தோம்? இரண்டாவது கண்ணைப் பிரிக்கவில்லை. பழைய தையலைப் பிரித்தால் துணியில் துளை பெரிதாகத் தெரியும், நூலும் அறுந்து அறுந்து வரும். மீதிக் கண்களுக்கு வரைபடத்தையே ஒரு கட்டம் நகர்த்திப் போட்டோம். பார்ப்பவர்கள் யாருக்கும் அது தெரியப்போவதில்லை.

ஆனால் தைக்க உட்கார்வதற்கு முன்னால் துணியைச் சரிபார்க்க வேண்டும். ஃப்ரேமை முதலில் கழற்றுங்கள். ஒரு நாள் வேலை முடிந்தாலும் கழற்றிவிடுவதே நல்லது. வளையக் கோடு என்பது கை எண்ணெயும் தூசியும் சேர்ந்து படிந்தது, நாள் ஆக ஆகத் துணிக்குள்ளேயே இறங்கிவிடும். துருக்கறைக்கு எலுமிச்சைச்சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்துவிட்டு நன்றாக அலசும் பழைய முறை வேலை செய்யும். ஆனால் நூல் ஓடாத வெள்ளைப் பகுதியில் மட்டும். எலுமிச்சைச்சாறு, வண்ண நூலின் சாயத்தை வெளுத்துவிடும். குளோரின் கலந்த வெளுப்பு மருந்தைத் துருவில் ஊற்றவே கூடாது. அது கறையை இன்னும் கெட்டியாக்கும். நிறைய பேர் அதைச் செய்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள்.

துவைப்பதற்கு முன் சாயம் போகுமா என்று பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்து, பின்பக்கத்தில் சிவப்பு, கருநீல நூல்கள் மேல் ஒரு நிமிடம் அழுத்தினால் தெரிந்துவிடும். துவைக்கும்போது சாயம் இறங்கினால் பயந்துபோய்த் துணியை வெளியே எடுத்துக் காயப்போடாதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரில் தண்ணீர் தெளியும் வரை அலசிக்கொண்டே இருங்கள். ஈரமாகச் சுருட்டி வைத்தால்தான் சாயம் பக்கத்தில் ஏறும். இன்னொன்று, நீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்திருந்தால் நனைத்து அழிக்கும் முன் அயர்ன் பண்ணவே கூடாது. சூடு பட்டால் அந்தக் கோடு பழுப்பாகி நிலைத்துவிடும்.

உல்லன் வேலை என்றால் பூச்சி. துளை போடுவது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. ஆட்டு ரோமம், பட்டு போன்ற விலங்கு இழைகள்தான் அதற்கு உணவு. நம் கடைகளில் உல்லன் என்று விற்பதில் நிறைய அக்ரிலிக். உங்களிடம் இருப்பது எது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு அங்குலத் துண்டை இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்து எரித்துப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து சாம்பல் பொடிந்தால் ரோமம். உருகிக் கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். அக்ரிலிக்கில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் அதன் துள்ளல் போய்த் தொங்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ரோம நூலில் புழு இருக்கிறது என்று சந்தேகமாக இருந்தால், பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் உள்ளே ஈரம் கோர்க்காது. மேட்டி துணியைப் புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சி அரித்திருந்தால் அதற்குக் காரணம் துணியில் இருக்கும் கஞ்சி. வேலை நீண்ட நாள் கிடக்கும் என்று தெரிந்தால் துணியை அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டு வைப்பது பாதுகாப்பு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாதியில் நிற்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை குழந்தைகளுக்காக ஆரம்பித்தவை. பேரக்குழந்தை பிறக்கப்போகிறது என்றதும், மகளுக்காகப் பின்ன ஆரம்பித்ததைப் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். பெட்டி முழுக்க அந்துருண்டை வாசனை. அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் சாதாரணப் பொருள் இல்லை. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த நெடி ஏறிய துணியால் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் பரிசோதிக்கும் வரை தெரியவே தெரியாது. அதனால் அந்துருண்டையோடு கிடந்த நூலில் பிறந்த குழந்தைக்கு எதுவும் பின்ன வேண்டாம் என்பேன். துவைத்துவிட்டேன், வெயிலில் போட்டேன் என்பார்கள். இருந்தாலும் வேண்டாம். அந்த நூலை உங்களுக்கே ஒரு மஃப்ளராகப் பின்னிக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் புது நூல் வாங்குங்கள். இனி எடுத்து வைக்கும்போது, துவைத்து நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள். உருண்டையே தேவைப்படாது.

சரி, துணி தயார். அடுத்தது நூல். எம்பிராய்டரி நூல் கட்டைச் சுற்றியிருக்கும் தாள் பட்டையில் ஷேட் எண் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஆங்கரில் கறுப்பு 403, டி.எம்.சி.யில் அதே கறுப்பு 310. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றுக்கு மாற்றும் அட்டவணைகள் ஏறக்குறையத்தான் பொருந்தும். பட்டை தொலைந்துவிட்டால், பழைய நூலைத் துண்டாக எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் கடைக்குப் போங்கள். உல்லனில் ஷேட் எண்ணோடு சாய லாட் எண்ணும் உண்டு, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூல்களுக்கான எண். ஒரே ஷேட்டாக இருந்தாலும் லாட் மாறினால் நிறம் சற்று மாறும். பழைய உருண்டையிலிருந்து இரண்டு வரி, புதியதிலிருந்து இரண்டு வரி என்று சில அங்குலம் மாற்றி மாற்றிப் பின்னினால் அந்த வித்தியாசம் கோடாகத் தெரியாது.

பின்னல் ஊசியில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. நம் வீடுகளில் இருக்கும் பழைய ஊசிகளின் எண் பழைய பிரிட்டிஷ் முறை. எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண் 4 மி.மீ., 10ஆம் எண் 3.25 மி.மீ. இப்போது இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் மில்லிமீட்டரில் சொல்கின்றன. அந்த 4ஐப் பார்த்துவிட்டு 4ஆம் எண் ஊசியை எடுத்தால், 6 மி.மீ. தடிப்பில் வலை மாதிரித்தான் வரும்.

உங்கள் கையும் மாறியிருக்கும். பத்து வருடத்துக்கு முன் இறுக்கிப் பின்னியவர் இப்போது தளர்த்திப் பின்னலாம். அதே ஊசியில், அதே நூலில், நின்ற இடத்தில் ஒரு மடிப்பு தெரிவது அதனால்தான். முதலில் தனியாக நான்கு அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, கண்ணிகளை எண்ணிப் பழைய பின்னலோடு ஒப்பிடுங்கள். புதியது இறுக்கமாக இருந்தால் ஒரு அளவு தடித்த ஊசிக்குப் போங்கள். வருடக்கணக்காக ஊசியிலேயே தொங்கிய கண்ணிகள் இழுபட்டிருக்கும், அதனால் கடைசி இரண்டு வரியைப் பிரித்துவிடுவது நல்லது. பிரிப்பதற்கு முன், எங்கே நிறுத்தப்போகிறீர்களோ அந்த வரியின் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் வேறு நிறத்தில் ஒரு மெல்லிய நூலைக் கோர்த்து வையுங்கள். பிரித்துக்கொண்டு வரும்போது அந்த நூலில் வந்து நிற்கும், ஒரு கண்ணியும் கீழே இறங்காது. பிரித்த நூல் சுருள் சுருளாக இருந்தால் நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் நேராகிவிடும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 40ஐத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாமல் போவது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்குக் கொடுக்கப்படுகிறது. தையலை நாம் அதைவிடக் கிட்டத்தில் பிடிக்கிறோம். கண் பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் தையலையும் கொண்டுபோய், எவ்வளவு தூரத்தில் பிடிப்பீர்கள் என்று காட்டுங்கள். எனக்குக் கை வராமல் போய்விட்டது என்று அழுத ஒரு பாட்டிக்குக் கண்ணாடி மாற்றியதும் காம்புத் தையல் பழையபடி நேராக வந்தது. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது அப்படித்தான் ஆரம்பிக்கும். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறையலாம், ஊசி குத்தியதே தெரியாது. அவர்கள் விரலில் உலோகத் தொப்பி மாட்டாமல் தைக்க வேண்டாம். முதல் நாளே நான்கு மணி நேரம் உட்காராதீர்கள். தோள்பட்டை வலி வந்தால் பை மறுபடி பரணுக்குப் போய்விடும்.

போர்வைக்கு வருகிறேன். ஒருவர் தைத்து முடித்தால் 6 அங்குலம் வரும் சதுரங்கள் 180ஐ இணைத்து, 90க்கு 72 அங்குலத்தில் மேல்பக்கத்தை முடித்திருந்தார். எட்டு வருடமாக அது மடித்தபடியே இருந்தது. அடுக்குமாடி வீட்டில் மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் விரிக்க இடமே இல்லை. இவ்வளவுதான் விஷயம், இதற்காக அவர் எட்டு வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். மேல்பக்கத்தை மூன்றாகப் பிரித்தோம். ஒவ்வொரு 30 அங்குலப் பட்டையையும் சாப்பாட்டு மேசை மேலேயே மூன்று அடுக்காக வைத்து ஓட்டுத் தையல் போட்டு, கடைசியில் பட்டைகளை இணைத்தோம். பஞ்சுக்குப் பதிலாக நடுவில் வைத்தது அவருடைய பழைய சுங்குடிச் சேலைகளை. நம் பாட்டிமார் பழைய நூல் சேலைகளை அடுக்கித் தைத்ததும், வங்காளத்தில் காந்தா தைப்பதும் இப்படித்தான். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சைவிட இதுதான் பொருத்தம்.

எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்பதில்லை. பிடிக்காமல் போன நிறம், யாருக்கும் பொருந்தாத அளவு, எதற்கு ஆரம்பித்தோம் என்றே நினைவில்லாத மாதிரி, இவற்றைப் பிரித்து நூலை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணிடம் கொடுங்கள். மூன்று வேலை கிடந்தால், முடிய மிகக் கொஞ்சம் பாக்கியிருப்பதை முதலில் எடுங்கள்.

அம்மாவோ பாட்டியோ விட்டுப்போன வேலையைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அப்போது நான் அவசரப்படுவதில்லை. அவர்கள் கை இறுக்கம் வேறு, உங்களுடையது வேறு, அந்த வித்தியாசம் தெரியத்தான் செய்யும். அதை மறைப்பதற்காக அவர்கள் தையலைப் பிரித்துவிடாதீர்கள், பிரித்தால் திரும்ப வராது. தொடங்கும் முன் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்க முடிச்சைப் பார்த்தால் அவர்கள் எந்தத் திசையில் தைத்தார்கள் என்று தெரியும், நீங்களும் அதே திசையில் போகலாம். போன வருடம் ஒருவர் தன் அம்மா பின்னிய குரோஷா விரிப்பைக் கொண்டுவந்தார். மூன்று வகுப்பு வந்து, புது நூலும் வாங்கி, கொக்கி ஊசியைக் கையில் எடுத்த பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தார். கடைசிக் கண்ணி நழுவாமல் இருக்க ஒரு வெள்ளை நூலால் கட்டிக் கொடுத்தேன். வாங்கிய புது நூலில் அவர் பின்னியது இன்னொரு விரிப்பு, அது அவருடையது.