வாஷிங் மெஷின் முன்னால் ஒரு மணி நேரம்

வாஷிங் மெஷின் ஓட ஆரம்பித்தால் போதும், ஆட்டிசம் உள்ள அந்த 4 வயதுக் குழந்தை கண்ணாடிக் கதவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். டிரம் இந்தப் பக்கம் சுற்றும், நிற்கும், அந்தப் பக்கம் சுற்றும், தண்ணீர் வடியும், அப்புறம் கடைசியில் அந்த வேகச் சுழற்சி. எந்தக் கட்டத்தில் என்ன சத்தம் வரும் என்பது அதற்கு மனப்பாடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பாது. இதே குழந்தை 10 வயதில் ரேடியோவைப் பிரித்துப் போடும், 20 வயதில் புரோகிராம் எழுதும், 60 வயதிலும் ஏதோ ஒரு சர்க்யூட் போர்டைக் குடைந்துகொண்டிருக்கும். ஆட்டிசம் உள்ள எல்லோரும் இப்படி இல்லை, சிலருக்கு டைனோசர், சிலருக்கு இலக்கணம். ஆனால் இயந்திரத்தோடு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது: ஆட்களிடம் ஒட்டாதவர்கள் பொருட்களோடு நன்றாக ஒட்டினார்கள். அவர் அதை நோய்க்குறியாகப் பார்த்தார். 2005இல் ஆட்டிச ஆய்வாளர் டைனா மர்ரேயும் இன்னும் இருவரும் வேறு மாதிரி யோசித்தார்கள். கவனம் எல்லோருக்கும் அளவோடுதான் இருக்கிறது. பலர் அதை நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ச்சுகிறார்கள், ஆட்டிச மனமோ மொத்தத்தையும் ஒரே வாய்க்காலில் திருப்பிவிடுகிறது. கூப்பிட்ட குரல் காதில் விழாததற்கு அடம் காரணமில்லை, அந்தப் பக்கம் பாய்ச்சத் தண்ணீர் மிச்சமில்லை, அவ்வளவுதான். ஒருமுறை ஆழமாக அரித்த வாய்க்காலில் அடுத்த தண்ணீரும் தானாக இறங்கும், ஆர்வம் ஆண்டுக்கணக்கில் நிலைப்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சரி, ஏன் இயந்திரம்? மூளை எப்போதும் அடுத்து வரப்போவதை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஆட்டிசத்தில் இந்த முன்ஊகங்களுக்கு எடை குறைவு, அதனால் புலன்களுக்கு வருவதெல்லாம் வடிகட்டாமல் அப்படியே உள்ளே இறங்குகிறது என்பது 2012இல் பெலிக்கானோ, பர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. இன்னும் விவாதத்தில் இருக்கிறது, ஆனால் எனக்கு இது நிறைய விளக்குகிறது. மனிதர்கள் சொல்லும் 'சரி' ஒருநாள் சம்மதம், இன்னொரு நாள் கோபம். சுவிட்ச் அப்படி மாறிப் பேசாது. பழுதானாலும் அதற்குக் காரணம் இருக்கும், எங்கோ ஒரு சாலிடர் விட்டிருக்கும், தேடினால் கிடைக்கும். முழுக்கத் தெரிந்த இயந்திரம் சலித்துப்போகும். தெரியவில்லை, ஆனால் தெரிந்துகொள்ள முடியும் என்ற நிலையில் இருப்பதுதான் விடாமல் இழுக்கிறது.

2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு இதை 'குறுகிய ஆர்வங்கள்' என்கிற பட்டியலில் வைக்கிறது. அந்தச் சொல் எனக்கு உறுத்தும். ஒரு ரேடியோவுக்குள் மின்காந்த அலை, காந்தம், ஒலி, போர்க்கால வரலாறு எல்லாம் கிடக்கிறதே, இதில் குறுகல் எங்கே?

பாதியில் பிடுங்கினால் குழந்தை அலறுவதும் இதே கணக்குத்தான், முழுத் தண்ணீரையும் ஒரே நொடியில் வேறு பக்கம் திருப்பச் சொல்கிறோம். அதைவிட, "வேகச் சுழற்சி முடிஞ்சதும் கிளம்பலாம்" என்று முன்கூட்டியே சொல்லிப் பார்க்கலாம். அது எப்போது முடியும் என்பது நம்மைவிடக் குழந்தைக்கு நன்றாகத் தெரியும்.