பிள்ளைக்கு நாள்பட்ட சோர்வு நோய்: எப்போது சரியாகும்?

பரிசோதனையெல்லாம் நார்மல், ஹீமோகுளோபினும் தைராய்டும் சரி, காசநோய் இல்லை, ஆனாலும் ஏதோ ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து பிள்ளை பழையபடி இல்லை என்று வருகிற பெற்றோரிடம் இது சி.எஃப்.எஸ். என்கிற நாள்பட்ட சோர்வு நோய் என்று சொன்னதும், அடுத்த கேள்வி "எப்போ டாக்டர் சரியாகும்?" என்பதுதான்.

பெரும்பாலான பிள்ளைகள் தேறுகிறார்கள். ஆனால் வருஷக்கணக்கு ஆகும். மெல்பர்ன் ராயல் சிறுவர் மருத்துவமனையைச் சேர்ந்த கேத்தரின் ரோ, 784 இளம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 5 வருஷத்துக்குள் தேறிவிட்டதாகச் சொன்னவர்கள் 38 சதவீதம், 10 வருஷத்துக்குள் 68 சதவீதம். ஒரே வருஷத்தில் மீண்டவர்களும் உண்டு, 15 வருஷம் இழுத்தவர்களும் உண்டு. ஆரம்பத்தில் நோய் கடுமையாக இருந்ததா, மனச்சோர்வும் சேர்ந்திருந்ததா என்பதை வைத்து யார் தேறமாட்டார்கள் என்று கணிக்க முடியவில்லை. படுத்த படுக்கையாக இருக்கிற பிள்ளையின் அம்மாவிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இந்த நோயில் ஏமாற்றுவது நல்ல நாள்தான். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெம்பாக இருக்கிறாள், கல்யாணத்துக்குக் கூட்டிப் போகிறோம், சிரித்துப் பேசி பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அப்புறம் செவ்வாய்க்கிழமை எழுந்திருக்கவே முடியவில்லை; "கல்யாணத்துக்குப் போக மட்டும் தெம்பு இருந்துச்சா?" என்று பாட்டி கேட்கிறார். நடிப்பில்லை. உழைப்பின் விளைவு ஒன்றிரண்டு நாள் தாமதமாக வருவது இந்த நோயின் முக்கிய அடையாளம். அதனால்தான் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை 2021இல் வேண்டாம் என்றது. இன்று முடிந்த அளவைவிடக் கொஞ்சம் குறைவாகச் செய்து நிறுத்தவேண்டும், மனப்பாடம் செய்வது போன்ற மூளை உழைப்பும் இதில் அடக்கம். (டானிக், குளுக்கோஸ் டிரிப் பற்றிக் கேட்காதீர்கள், பணம்தான் போகும்.)

பள்ளியை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். அந்த மெல்பர்ன் பிள்ளைகளும் படிப்போடு ஏதோ ஒரு வகையில் ஒட்டியிருந்ததையே பெரிய உதவியாகச் சொன்னார்கள். பிடித்த பாடம் இரண்டு பீரியட், தோழிகளோடு மதியச் சாப்பாடு, இதுபோதும் என்றால் இதுவே போதும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ஒரு வருஷம் தள்ளி எழுதினால் குடி முழுகிவிடாது. டாக்டரிடம் பள்ளிக்குக் கடிதம் வாங்கும்போது 'உடல் பலவீனம்' என்று ஒரு வரி போதாது. எத்தனை மணி நேரம், எந்த வகுப்புகள், பி.டி. பீரியடும் பிரேயரில் நிற்பதும் கூடாது, வகுப்பறை தரைத்தளத்தில் வேண்டும் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள்.