நடைப்பயிற்சி அல்ல, நடை பழக்கல்

பக்கவாதம் வந்தவரை மறுபடி நடக்க வைக்கும் சிகிச்சைக்கு ஆங்கிலத்தில் 'கெய்ட் டிரெய்னிங்' என்று பெயர். எந்தத் தமிழ்த் துண்டறிக்கையைப் பிரித்தாலும் அதற்கு 'நடைப்பயிற்சி'தான். ஊட்டியில் அதைப் படிப்பவருக்கு அது சர்க்கரைக்குச் சொல்லும் காலை வாக்கிங். 'தினமும் அரை மணி நேரம் நடைப்பயிற்சி' என்ற வரியை நம்பி, காலை இழுத்து நடப்பவர் தனியாகச் சரிவில் இறங்கினால் முட்டி மடங்கி விழுவார். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும். வலுவிழந்த காலுக்கு அது முடியாது.

ஆங்கிலத்தின் 'கெய்ட்' பாதை என்று பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. நம் 'நடை' நட என்ற வினையடியிலிருந்து வந்தது. கோயில் நடை சாத்துவதிலும் அதுவே. வேர் இவ்வளவுதான்.

வம்பு இரண்டாம் பாதியான 'டிரெய்னிங்'கில். தூய்மை விரும்பிகள் 'நடை மீட்பு' என்கிறார்கள். தமிழ்தான், ஆனால் பொய் வாக்குறுதி. பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை; இடுப்பைத் தூக்கியோ காலை வட்டமாக வீசியோ புது நடை ஒன்று அமைகிறது. மீட்பு என்றால் கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்குவது போல அப்படியே கைக்கு வர வேண்டாமா? 'பழக்கல்' அப்படி ஏமாற்றாது. குழந்தைப் பேச்சு என்பார்கள். நாற்பது வயதுக்காரர் வண்டி பழகுவதில்லையா? மேலும் நோயாளி பழகுகிறார், சிகிச்சையாளர் பழக்குகிறார். யார் வேலை எது என்பது சொல்லிலேயே இருக்கிறது.

'ஃபுட் டிராப்'புக்குச் சொல்லும் 'பாத வீழ்ச்சி' இன்னொரு கொடுமை. விழுவதற்கு அது என்ன பங்குச்சந்தையா? பாதம் தொங்குகிறது, அவ்வளவே. அதைத் தூக்க மின்தூண்டல் கருவி உண்டு. லிபர்சன் என்ற மருத்துவர் 1961இல் அறிவித்த முறை. ஒரு ஒட்டுப்பட்டை முட்டிக்குக் கீழே வெளிப்பக்க எலும்பு முண்டின் அடியில், மற்றொன்று முன்கால் தசைமேல். குதிகால் தரையை விட்டதும் மின்துடிப்பு பாய்ந்து பாதம் தூக்கும். பட்டை கொஞ்சம் நகர்ந்தாலே பாதம் உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடும். பசை காய்ந்த பட்டையைத் தண்ணீர் தொட்டு ஒட்டிச் சமாளிக்காமல் மாற்றிவிட வேண்டும், தோல் எரியும்.

'பெர்சன் சென்டர்டு' சிகிச்சைக்குச் சொல்லும் 'நபர் மைய' என்பதையும் விட்டுவிடலாம். கேட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போலிருக்கிறது. 'அவரவர்க்கேற்ற' போதும். அது ஏன் வேண்டும் என்று பாருங்கள். டிரெட்மில்லில் வார் கட்டி, எடையில் 30 முதல் 40 விழுக்காட்டைத் தாங்கித் தொடங்கி, படிப்படியாகக் குறைக்கிறார்கள். 10 மீட்டரை 12.5 நொடியில் கடந்தால் வினாடிக்கு 0.8 மீட்டர்; வெளியில் நடமாட அது போதும் என்பது வழக்கமான கணக்கு. அது சமதளக் கணக்கு. கோத்தகிரித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரருக்குச் சாலைக்கு வரவே படிக்கட்டு, அதுவும் மழையில் பாசி பிடித்தது. அவருடைய குறிப்பேட்டில் வேகத்தோடு படி எண்ணிக்கையும், கைப்பிடி எந்தப் பக்கம் என்பதும் இருக்க வேண்டும். இறங்கும்போது இடக்கைக்கு எட்டும் கைப்பிடி ஏறும்போது வலக்கைப் பக்கம் வந்துவிடும். வலக்கை வராதவருக்கு ஏற்றத்தைத் தனியாகப் பழக்க வேண்டும்.